மூழ்கிய போர்க்கப்பலின் பித்தளை ஜன்னல் வாங்கலாமா?

கேள்வி: குன்னூரில் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். வரவேற்பறைக்கு ஒரு பழைய கப்பல் ஜன்னல் தேடினேன். வியாபாரி ஒருவர், “மலேசியக் கடலில் மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலில் எடுத்தது” என்று ஒன்றைக் காட்டுகிறார். கூடவே ஒரு பீரங்கிக் குண்டும் தருகிறாராம். ரசீது கிடையாது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொல்வது பொய்யானால் பணம் போகும். மெய்யானால் அது கல்லறையில் திருடிய சரக்கு.

பொய்யாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவர் சொல்வது 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தான் அருகே ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் கப்பல்களாகத்தான் இருக்கும். அன்று இறந்தவர்கள் சுமார் 840 பேர். அங்கே திருடுகிறவர்கள் ஜன்னலைப் பக்குவமாகக் கழற்றிக்கொண்டிருப்பதில்லை. வெடி வைத்து உடைத்து, க்ரேனில் ராட்சத இரும்புக் கவ்வியை இறக்கி, அகப்பட்டதை அள்ளுவார்கள். வெண்கலப் புரொப்பெல்லர், செம்புக் குழாய், கவச எஃகு எல்லாம் எடைக்குப் போய் உலையில் விழும். உள்ளே கிடக்கும் எலும்புகளும் அந்த அள்ளலில் சிதறும். இப்படி அள்ளியதாகச் சந்தேகித்து 2023 மே மாதம் மலேசியா பிடித்த சுவான் ஹாங் 68 கப்பலில் பழைய இரும்போடு குண்டுகளும் இருந்தன.

நம் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் குஜராத் அலங்கில் உடைத்த சரக்குக் கப்பல்களின் ஜன்னல்கள், இல்லையென்றால் ரூர்க்கி பட்டறை நகல்கள். பின்பக்கம் சுரண்டுங்கள்: வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். காந்தம் ஒட்டினால் இரும்பு. எண்பது வருடம் கடலில் கிடந்த பித்தளையில் துத்தநாகம் கரைந்து செம்புநிறத் திட்டு விழுந்திருக்கும், உப்பும் உள்ளே ஊறியிருக்கும். என்னதான் பாலிஷ் போட்டாலும் குன்னூர் மூடுபனியில் வெளிர்பச்சைப் பொடி பூக்கும்.

போர்க்கப்பல் எத்தனை வருடம் கடலடியில் கிடந்தாலும் அந்நாட்டு அரசுக்கே சொந்தம். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் மணியை 2002-ல் எடுத்ததுகூட பிரிட்டிஷ் அரசின் அனுமதியோடுதான். இறந்தோரைக் காக்க பிரிட்டன் 1986-ல் போட்ட சட்டம், வெளிக்கடலில் தன் குடிமக்களைத்தான் கட்டுப்படுத்தும். திருடர்களுக்கு வசதி அங்கேதான். உங்களுக்கு அந்த வசதி இல்லை. நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்படி, திருட்டு வெளிநாட்டில் நடந்திருந்தாலும் தெரிந்தே வாங்கினால் குற்றம். “தெரியாது” என்று சொல்லவும் முடியாது, வியாபாரி வாயாலேயே சொல்லிவிட்டாரே!

அலங்க் ஜன்னல் வாங்குங்கள். கப்பல் பெயரும் உடைத்த யார்டின் பில்லும் கேளுங்கள்.

குண்டு வேறு விஷயம். வாய் திறந்த வெறும் பித்தளைக் கூடென்றால் ஆபத்து குறைவு. முனையில் குண்டு பொருந்தியிருந்தாலோ, அடியில் ஊசி குத்திய தடம் (சுட்டதற்கு அடையாளம்) இல்லாவிட்டாலோ தொடாதீர்கள். அக்காலப் பிரிட்டிஷ் கடற்படைக் குண்டுகள் சிலவற்றில் இருந்த பிக்ரிக் அமிலம், உலோகத்தோடு சேர்ந்து லேசான உரசலுக்கே வெடிக்கும் உப்பாக மாறும். புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதென்றால் நகர்த்தாமல், விருந்தினரை வெளியேற்றிவிட்டு 112-ஐ அழையுங்கள்.