ஆடுகளை எண்ணியவர்

அன்புள்ள ஐயா,

தங்கள் அண்மைச் சிறுகதையில், மதுரையை அடுத்த யானைமலை அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் முதியவர் ஒரு சித்திரை மாத உச்சிப்பொழுதில் கண்மூடித் திறப்பதற்குள் தம் ஆடுகளோடு வேற்றுலகில் நிற்கிறார். அவர் அலறவில்லை, ஆடுகளை எண்ணுகிறார், நிழலைப் பார்க்கிறார், தண்ணீர் தேடுகிறார். நானாக இருந்தால் மயங்கி விழுந்திருப்பேன். அவரை அளவுக்கு மீறித் துணிச்சல்காரராக ஆக்கிவிட்டீர்களோ?

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் துணிச்சல்காரர் அல்லர். தெரியாத இடத்தில் விழுந்தவனின் மனம், அதை எப்படியாவது தன் ஊராக்கிக்கொள்ளவே முதலில் பாடுபடும் என்று நம்புகிறேன். எதிரே தெரியும் பாறையை யானைமலையின் மறுபுறம் என்று அவர் சொல்லிக்கொள்வது அதனால்தான். நிழலைப் பார்ப்பதும் அப்படியே. மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவில் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து நிழலைக் காலடிக்குள் ஒடுக்கிவிடும். அந்த வேற்றுலகில் நிழல் நீண்டு கிடந்தபோதும், பொழுது சாய்ந்துவிட்டது போலும் என்றுதான் அவர் எண்ணுகிறார். நம் ஊரில் வடக்கு அடிவானத்துக்கு மேலே, நீட்டிய கையின் ஒரு முஷ்டி உயரத்தில் துருவ நட்சத்திரம் நிற்கும். அன்றிரவு வானத்தின் எந்தப் பக்கத்திலும் அது இல்லை என்று கண்ட பிறகே அவர் அழுகிறார்.

இதை நான் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றார்கள். பலர் இந்த மண்ணை அதற்கு முன் கண்டதே இல்லை. அப்படி வந்த ஓர் அக்கா உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் தெருவில் குடியேறினார். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து, கொழுந்து பறித்து வளர்ந்தவர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர். வந்த அன்று அவர் கேட்டது குழாயடி எங்கே என்பதை மட்டுமே. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் நேரத்தில் இருட்டோடு எழுந்து, போக ஒரு தோட்டமில்லாமல், வாசலை இரண்டு முறை பெருக்குவார். அவர் கலங்கி ஒருவரும் பார்க்கவில்லை.

மலைக் குளிருக்கும் மழைக்கும் தலையோடு போர்த்திய கம்பளி ஒன்றை அவர் கொண்டுவந்திருந்தார். எங்கள் ஊர் வெயிலில் அதற்கு வேலையில்லை; ஆனாலும் பல மாதங்கள் அது கைக்கெட்டும் கொடியிலேயே தொங்கியது. ஒருநாள் அதை மடித்துப் பரணில் ஏற்றிவிட்டு, அன்று மாலைவரை அழுதார். "அத எடுத்து வச்சப்பதான் தம்பி, இனி அங்க போகமாட்டோம்னு தெரிஞ்சுச்சு" என்று பின்னர் என்னிடம் சொன்னார். முதியவரின் துருவ நட்சத்திரத்தை நான் அந்தக் கம்பளியிலிருந்துதான் எடுத்தேன்.

ஆயினும் உங்கள் கடிதம் ஒரு குறையைக் காட்டித் தந்தது. மனம் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உடல் ஆபத்தை உணர்ந்துவிடும். நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் தானியங்கு நரம்புகளும் அட்ரினலின் என்ற சுரப்பும் செய்யும் வேலை, அது நம் அறிவின் அனுமதிக்குக் காத்திருப்பதில்லை. அந்த நடுக்கத்தை நான் எழுதத் தவறிவிட்டேன். தொகுப்பில் சேர்க்கும்போது அதை எழுதுவேன். ஆடுகளை எண்ணும் இடத்தை மட்டும் நீக்கமாட்டேன். நடுங்கும் விரலாலேயே அவர் எண்ணட்டும்.

அன்புடன்.