நல்ல வெளிச்சம், நெடுநேரம்: டார்ச்சுக்கு எந்த அளவு பேட்டரி எடுப்பது?

வெளிச்சமும் பலமாக இருக்க வேண்டும், இரவில் நெடுநேரம் தாங்கவும் வேண்டும், ஆனால் 18650, 21700, 26650 என்று எண்ணாகப் போட்டிருக்கிறார்களே, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் பிடித்து நடப்பதற்கான டார்ச் என்றால் 21700 எடுங்கள். எந்நேரமும் சட்டைப் பையில் கிடக்க வேண்டும் என்றால் 18650 போதும். இதுதான் என் பதில், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அந்த எண்கள் லித்தியம்-அயன் ரீசார்ஜபிள் செல்களின் வெறும் உருவ அளவுதான். முதல் இரண்டு இலக்கம் குறுக்களவு, அடுத்த இரண்டு நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். 18650 என்றால் 18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம். 21700 என்றால் 21 மி.மீ., 70 மி.மீ. மூன்று மில்லிமீட்டர் தடித்து ஐந்து மில்லிமீட்டர் நீண்டதில் என்ன பெரிதாக வந்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் உள்ளே இருக்கிற இடம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அதனால்தான் நல்ல 18650 செல் 3500 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி, செல் எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்ற அளவு) பக்கத்தில் நின்றுவிடும்போது 21700 செல் சாதாரணமாக 5000 தருகிறது.

எம்ஏஎச்சை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வோல்ட்டையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். 5 ஆம்பியர் மணியை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 18 வாட்-மணி, அதுதான் செல்லில் இருக்கிற மொத்த ஆற்றல். 18650க்கு ஏறக்குறைய 12.6. பழைய டார்ச்சுகளில் போடும் சின்ன ஏஏஏ ரீசார்ஜபிள் செல் 800 எம்ஏஎச், 1.2 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் அப்படி மூன்று செல் சேர்ந்தாலும் 3 வாட்-மணியைத் தொடாது. ஒரே ஒரு 21700 அதைப்போல ஆறு மடங்கு.

இனி இந்த 18 வாட்-மணி எவ்வளவு நேரம் வரும்? இன்றைய எல்இடி டார்ச்சுகள் பொதுவாக ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லுமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தருகின்றன என்று வைத்துக் கணக்குப் போடலாம். 1000 லுமெனில் எரித்தால் 10 வாட், ஆக இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. 300 லுமெனில் எரித்தால் 3 வாட், ஆறு மணி நேரம். இங்கேதான் எல்லோரும் கவனிக்காமல் விடுகிற விஷயம் இருக்கிறது: வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தால் கண்ணுக்குப் பாதியாகத் தெரியாது, கொஞ்சம் மங்கியதுபோல்தான் தெரியும். நான் ராத்திரியில் நடக்கப் போகும்போது 200, 300 லுமெனில் வைத்துக்கொள்வேன். ஒற்றையடிப் பாதையில் கல், வேர், குழி எல்லாம் தெளிவாகத் தெரிய அது தாராளம். தூரத்தில் ஏதோ அசைகிறது என்றால் மட்டும் முழு வெளிச்சம், அதுவும் சில நொடிகள்தான்.

முழு வெளிச்சத்திலேயே வைத்திருக்கலாமே என்றால், சூடு விடாது. என்னிடம் இருக்கும் டார்ச்சை உச்சத்தில் வைத்தால் மூன்றாவது நிமிடமே தலைப்பகுதியில் விரலை வைக்க முடியாது, பிறகு அதுவே தானாக வெளிச்சத்தை இறக்கிக்கொள்ளும். அது பழுது இல்லை, எல்இடியையும் பேட்டரியையும் காப்பாற்ற அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆகவே அட்டையில் 3000 லுமென், இத்தனை மணி நேரம் என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்திருந்தால் அந்த 3000 அத்தனை மணி நேரமும் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். டார்ச்சுகளுக்கான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அளவீட்டு முறையில், தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் ஓடுகிற நேரத்தைத்தான் எரியும் நேரம் என்று போடுகிறார்கள். நேரத்துக்கு ஏற்ப வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்று வரைபடம் கிடைத்தால் அதைப் பாருங்கள், நூறு விளம்பரத்தைவிட அது மேல்.

26650 பற்றிச் சுருக்கமாக. நல்ல தடியான செல், 5000 முதல் 5500 எம்ஏஎச் வரை வரும், எடை ஏறக்குறைய 90 கிராம். 21700 சுமார் 70 கிராமிலேயே அதே வேலையைச் செய்துவிடுகிறது, மின்சாரக் கார்களுக்கும் அந்த அளவில் செய்வதால் நல்ல செல்லாகவும் கிடைக்கிறது. ஏற்கெனவே 26650 டார்ச் வைத்திருந்தால் தவிர, புதிதாக அதைத் தேடிப் போக வேண்டாம்.

போலி செல் விஷயத்தில் கட்டாயம் எச்சரிக்கையாக இருங்கள். நான் முதலில் வாங்கிய 18650 செல்லின் மேல் 9900 எம்ஏஎச் என்று போட்டிருந்தது. முக்கால் மணி நேரத்தில் டார்ச் மங்கியது. சந்தேகப்பட்டுச் சமையலறைத் தராசில் வைத்தேன், 31 கிராம். நல்ல 18650 செல் பொதுவாக 45 கிராம் பக்கத்தில் இருக்கும். சார்ஜரில் போட்டு அளந்து பார்த்தபோது 1100 எம்ஏஎச்தான் உள்ளே போனது. 18650 அளவில் 9900 என்பது நடக்கவே நடக்காத எண். அன்றிலிருந்து எந்த செல் வாங்கினாலும் முதல் வேலை எடை போடுவதுதான்.

அப்புறம் நீளம். பாதுகாப்புச் சர்க்யூட் வைத்த செல்லில் அடியில் ஒரு சின்ன வட்டத் தகடு சேர்வதால் நீளம் சில மில்லிமீட்டர் கூடும். 18650 செல் 68, 69 மி.மீ. ஆகிவிடும், அடியில் சார்ஜ் போர்ட்டும் சேர்த்த 21700 செல் 75 மி.மீ. வரை போகும். சில டார்ச்சில் மூடி திருகாது, சிலதில் செல்லின் மேல் முனை தட்டையாக இருந்தால் மின்தொடர்பே வராது. வாங்கும் முன் டார்ச்சோடு வந்த தாளில் எந்த வகை செல் என்று ஒரு தடவை படித்துவிடுங்கள்.

மாற்று செல் எடுத்துப் போனால் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுங்கள். சாவிக்கொத்து இருக்கும் பையில் சும்மா போட்டால் சாவி இரண்டு முனையையும் தொட்டு ஷார்ட் ஆகி தீப்பிடிக்கக்கூடும். மேல் முனை ஓரத்தில் உறை நகக்கண் அளவு கிழிந்திருந்தாலும் அந்த செல்லை டார்ச்சில் போடாதீர்கள், உறைக்கு உள்ளே இருக்கிற உலோகக் கூடு முழுவதும் மைனஸ்தான், மேல் முனையின் பிளஸ்ஸோடு சேர்ந்து ஷார்ட் ஆகிவிடக்கூடும்.