தடிக் கணக்கு, வட்டிக் கணக்கு: கேள்வி பதில்

நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் பதில் சொல்கிறார்.

குலசேகரம்: தோட்டத்து அயனி மரத்தை வித்தோம். வெட்டின தடியோட சுற்று 4 அடி, நீளம் 10 அடி. வியாபாரி 10 கன அடின்னு போட்டார். மகள் கணக்குல 12.7 வருது. யாரு சரி சாரே?

ரெண்டு பேரும் சரி. மகள் போட்டது வட்டத்தின் பரப்பை வச்சு. வியாபாரி போட்டது கால் சுற்றுக் கணக்கு: சுற்றை நாலால் வகுத்து, வர்றதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கணும். உருண்டைத் தடி எதுவானாலும் இந்த முறை உண்மையான கன அளவில் 78.5 சதவீதத்தைத்தான் காட்டும். மிச்சம் அறுப்புக் கழிவுக்குன்னு விட்டுடுவாங்க. விலையும் அதே முறைக்குத்தான் பேசினாங்கன்னா ஏமாத்து இல்ல. விலை ஒரு முறைக்கு, அளவு இன்னொரு முறைக்குன்னா கேளுங்க. அதைவிட டேப்பைப் பிடிக்கிற கையைப் பாருங்க. 51 இஞ்ச் சுற்றை '48ன்னு வச்சுக்கலாம்'னு சொன்னா, சுற்று ரெண்டு தடவை பெருக்கல்ல வர்றதால 11 சதவீதத்துக்கு மேல போயிடும்.

தக்கலை: பத்திரத்துல 4.05 ஆர்ஸ்னு இருக்கு. எத்தனை சென்ட்?

10. ஒரு ஆர்ஸ் 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அலகைப் பார்த்துட்டுப் பெருக்குங்க.

நாகர்கோவில்: 2 வட்டின்னா வருசத்துக்கு எவ்வளவு?

நூத்துக்கு மாசம் 2 ரூபாய். வருசத்துக்கு 24 சதவீதம்.

கருங்கல், மில் வச்சிருப்பவர்: கழிவுன்னு லேசா சொல்லிட்டீரே! அந்தத் தடியைச் சதுரமா அறுத்தா 8.1 கன அடிதான் தேறும். நான் 10க்குப் பணம் கொடுக்கேன்.

8.1 சரிதான். ஆனா ஒரே உத்தரமா யாரு அறுக்கா? ஓரத்துல ரீப்பர் எடுப்பீங்க, மிச்சம் விறகு, மரத்தூளும் விலைக்குப் போகுது.

கருங்கல்: லாரி வாடகை, ஆள்கூலி யாரு தருவா?

அதை விலையில கழிச்சுக்கோங்க, டேப்புல கழிக்காதீங்க.

குலசேகரம்: அப்போ எடைக்கு வித்தா நல்லதா?

ரப்பர் தடி டன் கணக்குலதான் போகுது. வெட்டின அன்னைக்கே எடை போட்டா ஈரத்துக்கும் சேர்த்து உங்களுக்குக் காசு. காய விட்டு எடை போட்டா வாங்குறவருக்கு லாபம். எடைன்னாலும் எந்த நிலையில எடைன்னு கேட்டாகணும்.

அழகியமண்டபம்: 1 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 12 தவணை, மாசம் 9,333. சரிதானே?

12 சதவீதம் எதுக்கு மேலே? நீங்க மாசாமாசம் அசலைக் குறைக்கிறீங்க, அவங்க கடைசி வரை முழு லட்சத்துக்கும் வட்டி போடுறாங்க. குறையிற அசலுக்குப் பார்த்தா வருசத்துக்கு 21 சதவீதத்தைத் தாண்டுது. கையெழுத்துப் போடும் முன்னால, 'குறையும் அசலுக்கு எத்தனை சதவீதம்'னு எழுதி வாங்குங்க. சொன்னேனே, அலகைப் பாருங்க.

திருவட்டாறு: வாசல் அளவு மனையடிப்படி வரலை. மாத்தணுமா?

ஆசாரியைக் கேளுங்க.

குழித்துறை: 3 வட்டின்னா?

மேலே நாகர்கோவில்காரருக்குச் சொன்னதைப் பாருங்க. 12ஆல் பெருக்கினா முடிஞ்சது.

மேல்புறம்: 1000 சதுர அடி மொட்டை மாடி. 10 மில்லிமீட்டர் மழைக்கு எவ்வளவு தண்ணி பிடிக்கலாம்?

நல்ல கேள்வி. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர். உங்க மாடி 93 சதுர மீட்டர், அப்போ 930 லிட்டர். தளம் உறிஞ்சுறது, வழிஞ்சு போறதுன்னு கொஞ்சம் கழியும்.

கொல்லங்கோடு: சார், 5 வட்டி...

60. மில்காரர் இன்னும் விடல, அவருக்குப் பதில் எழுதிட்டு இருக்கேன்.