கீஷின் அடிமாவு ஏன் சொதசொதக்கிறது?

கேள்வி: பாரிஸ் புறநகரில் இருக்கிறேன். கீஷ் (மாவு அடித்தட்டில் முட்டை, க்ரீம், சீஸ் கலவை ஊற்றிச் சுடும் பிரெஞ்சுப் பண்டம்) செய்யக் கடையில் வாங்கிய மாவைத் தட்டில் விரித்து, பாக்கெட் சீஸ் துருவலைத் தூவி, 3 முட்டையும் லைட் க்ரீமும் கலந்து ஊற்றி, 200 டிகிரியில் 45 நிமிடம் சுடுகிறேன். மேலே நன்றாகச் சிவந்துவிடுகிறது. அடிமாவு மட்டும் வேகவில்லை, வெட்டினால் தண்ணீரும் கசிகிறது. ஓவனை மாற்ற வேண்டுமா?

பதில்: ஓவனுக்குக் காசு செலவழிக்காதீர்கள். பச்சை மாவில் கலவையை ஊற்றினால் எந்த ஓவனிலும் இப்படித்தான் வரும். முதலில் மாவை மட்டும் சுட வேண்டும். தட்டில் விரித்து, முள்கரண்டியால் குத்தி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அப்புறம் மேலே பேக்கிங் தாள் போட்டு, காய்ந்த கொண்டைக்கடலையை நிரப்பி 190 டிகிரியில் 15 நிமிடம் சுடுங்கள். கடலையை எடுத்துவிட்டு, அடி பொன்னிறமாகும் வரை இன்னும் 8 நிமிடம். சூட்டோடு முட்டை வெள்ளையை மெல்லிசாகத் தடவினால் குத்திய துளைகள் அடைபடும்.

தண்ணீர் கசிவது அதிகம் சுடுவதால். முட்டைக் கலவை 80 டிகிரி வாக்கில் உறைந்துவிடும். அதற்கு மேல் சூடேறினால் புரதம் சுருங்கி நீரைக் கக்கும். 170 டிகிரியில் அரை மணி நேரம் போதும். நடுப்பகுதி இளந்தயிர் போல லேசாக ஆடும்போதே வெளியே எடுத்துவிடுங்கள்.

உங்கள் லைட் க்ரீமும் ஒரு காரணம். பிரான்ஸில் வெறுமனே க்ரீம் என்று விற்க 30 சதவீதக் கொழுப்பு வேண்டும், லெஜேர் (லைட்) என்றால் 12 போதும். அதற்கும் கீழே உள்ளவை கெட்டியாக்கிகள் சேர்த்த வேறு சரக்கு. ஆனாலும் அதே அலமாரியில், அதே மாதிரி டப்பாவில் அடுக்கி வைக்கிறார்கள். அவசரமாக வாங்கிப் போகிறவர் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டா நிற்பார்? யாரும் தட்டிக் கேட்பதில்லை. 3 முட்டைக்கு ஒந்தியேர் (கொழுப்பு குறைக்காத) க்ரீம் 300 மில்லி எடுங்கள். மாவு உறையிலும் 'ப்யூர் பேர்' (வெண்ணெய் மட்டும்) என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பெரும்பாலும் தாவர எண்ணெய்தான்.

பாக்கெட் துருவலை விட்டுவிடுங்கள். ஒட்டாமலிருக்கப் பலவற்றில் உருளைக்கிழங்கு மாவு தூவியிருப்பார்கள். கொம்தே அல்லது க்ருயேர் என்ற கெட்டியான சீஸ் 150 கிராம் வாங்கி நீங்களே துருவுங்கள். சீஸ் கடைக்காரர் உங்கள் கண்முன் துருவித் தந்தால் அது மட்டும் பரவாயில்லை. அதிலும் துண்டை முதலில் காட்டச் சொல்லுங்கள், பெயரைக் கேளுங்கள், எடை போட்ட பிறகு துருவச் சொல்லுங்கள், அன்றைக்கே பயன்படுத்துங்கள். காலையிலேயே துருவிக் கிண்ணத்தில் வைத்திருப்பது இந்தக் கணக்கில் சேராது. அதில் எந்தத் துண்டின் மிச்சம் கலந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்?

சந்தை வியாபாரிகளிடமும் உஷாராக இருங்கள். முழுக் கொம்தே சக்கர வடிவில் இருக்கும். அதன் பக்கவாட்டில் பச்சைப் பட்டை இருந்தால் தரத்துக்கு 20க்கு 14 மதிப்பெண்ணாவது வாங்கியது. பழுப்புப் பட்டை அதற்குக் கீழே, 12 வரை. பழுப்பைக் காட்டி 'நன்றாக முதிர்ந்தது' என்று யாராவது கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள், அந்த நிறத்துக்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை. கீஷுக்குப் பழுப்பே தாராளம்.

உப்பைப் பாதியாகக் குறையுங்கள், சீஸிலேயே இருக்கிறது. எடுத்ததும் வெட்டாமல் 15 நிமிடம் ஆற விடுங்கள்.