ஒரு டிகிரி வெப்பம் கூடினால் என்ன குடிமுழுகிவிடும்?

புவி வெப்பமயமாதலில் சொல்லும் ஒரு டிகிரி என்பது உலகம் முழுவதற்குமான சராசரி உயர்வு. அதை வாசல் வெயிலோடு ஒப்பிடக் கூடாது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். மழை நாட்கள் கூடாமலே, பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதற்கு இது முக்கியக் காரணம்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. அந்தப் பகுதியின் ஓராண்டு மழையைவிட அதிகம்! அதற்கு வெப்பமயமாதல் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்படிப்பட்ட பெருமழைக்கான வாய்ப்பை அது கூட்டுகிறது. நம் வடிகால்களும் ஏரிக்கரைகளும் பழைய மழைக் கணக்கில் கட்டியவை.

தேவையில்லாத லைட்டை அணைப்பது நல்லதுதான், கரண்ட் பில்லாவது குறையும். அதைவிட, உங்கள் ஊரில் நீர்வழியை அடைத்து மனை போட்டால் கிராமசபையிலோ கவுன்சிலரிடமோ கேள்வி கேளுங்கள்.