ஹேம்லட்டின் கிறுக்கு

அன்புள்ள ஐயா,

ஜார்ஜ்டவுனில் எங்கள் வாசிப்புக் குழு ஷேக்ஸ்பியரின் ஹேம்லட் நாடகத்தில் சில காட்சிகளைத் தமிழில் நடிக்கப்போகிறது. ஒத்திகையைவிடச் சண்டைதான் அதிகம். ஹேம்லட்டாக வருபவர், "நான் பைத்தியமா நடிக்கணுமா, பைத்தியமா நடிக்கிறவனா நடிக்கணுமா?" என்று கேட்கிறார். ஒத்திகை முடிந்து மாமாக் கடையில் உட்கார்ந்தாலும் இதே பேச்சு. எல்லாம் வேஷம் என்று நீங்கள் ஓர் உரையில் சொன்னீர்கள். அப்படியானால் அம்மாவின் அறையில் செத்துப்போன அப்பாவின் ஆவி ஹேம்லட்டின் கண்ணுக்கு மட்டும் தெரிவது எப்படி?

ச., பட்டர்வொர்த்

அன்புள்ள ச.,

பினாங்கில் பிறந்த பங்சாவான் என்ற மலாய் மேடை நாடகம் ஒரு காலத்தில் ஹேம்லட்டை மலாயில் ஆடியது. இப்போது நீங்கள் தமிழில் ஆடுவதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி.

முதலில் ஆவி. முதல் அங்கத்திலேயே காவலர்களும் ஹேம்லட்டின் நண்பன் ஹொரேஷியோவும் அதைப் பார்த்துவிடுகிறார்கள். மூளைக் கோளாறு அத்தனை பேருக்கும் ஒன்றாக வராது. ஓர் ஆவி ஒருவர் கண்ணில் பட்டு, பக்கத்தில் நிற்பவர் கண்ணில் படாமல் போனால் நம் பாட்டிமார் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். அதை விடுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. இந்த வேஷத்தால் அவனுக்கு என்ன லாபம்? 1200ஐ ஒட்டி சாக்ஸோ என்ற டேனிஷ்காரர் லத்தீனில் எழுதிய மூலக்கதையில் பதில் சுலபம். அங்கே சித்தப்பன் அண்ணனைக் கொன்றது ஊரறிந்த விஷயம். அடுத்த பலி தான்தான் என்று தெரிந்து, உயிர் பிழைக்க அந்த இளைஞன் புத்தி கெட்டவன்போல் நடிக்கிறான். ஷேக்ஸ்பியர் கொலையை ரகசியமாக்கிவிட்டார். பாம்பு கடித்து ராஜா செத்தார் என்றே ஊர் நம்புகிறது. ஹேம்லட் வாயை மூடிக்கொண்டு இருந்தால் கொலை செய்த சித்தப்பன் கிளாடியஸுக்குச் சந்தேகமே வராது. கிறுக்கனாகத் திரிவதால்தான் பழைய நண்பர்கள் இருவரை வரவழைத்து அவனை வேவு பார்க்க வைக்கிறான். இந்த வேஷத்துக்குப் போதுமான காரணமே இல்லை என்று ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன் 1765லேயே குறை சொன்னார்.

எனக்கு அது குறையாகப் படவில்லை. ஆவியைப் பார்ப்பதற்கு முன்பே, தற்கொலை பாவமாக இல்லாதிருந்தால் செத்துவிடலாமே என்று தனியாகப் புலம்புகிறவன் அவன். அப்பா போன துக்கமும் அம்மாவின் அவசரக் கல்யாணமும் அவனை அரித்துக்கொண்டிருக்கின்றன. அரண்மனையில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லக் கிறுக்கனுக்குத்தான் அனுமதி உண்டு. ஆகவே வேஷம் பொய், அதற்குள் வரும் பேச்சு நிஜம். கிளாடியஸ் இதை மோப்பம் பிடித்துவிடுகிறான். ஒளிந்திருந்து கேட்டபின், கோர்வை கொஞ்சம் இல்லையே தவிர இது பைத்தியத்தின் பேச்சல்ல என்கிறான். அயோக்கியனுக்குத்தான் எவ்வளவு கூர்மையான காது!

உங்கள் நடிகர் உண்மையில் திணறப்போகும் இடம் ஐந்தாம் அங்கம். மூன்றாம் அங்கத்தில் அம்மாவின் அறையில் அமைச்சர் பொலோனியஸைக் குத்திக் கொன்றுவிட்டு, பிணம் பக்கத்திலேயே கிடக்க, "என் நாடியைப் பார், உன்னுடையதைப்போல் சீராகத்தான் துடிக்கிறது; என்னுடையது பைத்தியமல்ல, தந்திரம்" என்கிற பொருளில் பேசுகிறவன் இவன்தான். அதே கொலைக்கு, பொலோனியஸின் மகன் லேர்டீஸிடம் மன்னிப்புக் கேட்கும்போது, "செய்தது நானல்ல, என் பைத்தியம்" என்கிறான். நேர்மையான வீரன் பொய்க்குப் பின்னால் ஒளிவதா என்று இதற்கும் ஜான்சன் வருத்தப்பட்டார். இந்த இடத்தில் நான் அவர் கட்சி. அவன் காதலித்த ஒபீலியாவின் குழியருகே நிலைதடுமாறியது நிஜம்தான், அதற்காக அவன் ஹொரேஷியோவிடம் வருந்தவும் செய்கிறான். ஆனால் அந்த ஒரு நிமிஷத் தடுமாற்றத்தைக் காட்டிப் பழைய கொலையிலிருந்தும் நழுவப் பார்க்கிறான். நாடகத்தில் எனக்கு அவன்மேல் கோபம் வருவது இங்கேதான்.

ஆகவே உங்கள் நடிகர் மூன்றாம் அங்கம்வரை நடிப்பவனாகவே நடிக்கட்டும். லேர்டீஸிடம் பேசும்போது மட்டும், தான் சொல்வதைத் தானே பாதி நம்புகிறவனாக நிற்கட்டும். முழுப் பொய்யனாகக் காட்டினால் அடுத்து வரும் வாள்சண்டையில் அவனுக்காக யாரும் பதறமாட்டார்கள்.

நிஜப் பைத்தியம் ஒபீலியா. கிறுக்காக நடக்கப்போகிறேன் என்று ஹேம்லட் ஹொரேஷியோவிடம் சொல்லி வைத்ததுபோல் அவள் எந்தத் தோழியிடமும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. நேரம் போதாது என்று அவள் பாடிக்கொண்டே பூ கொடுக்கும் காட்சியை வெட்டிவிடாதீர்கள், அது இல்லாமல் ஹேம்லட்டின் வேஷம் வேஷமென்றே பார்ப்பவர்களுக்கு விளங்காது. வெட்டியே ஆகவேண்டுமென்றால் பொலோனியஸ் மகனுக்குச் சொல்லும் புத்திமதியை வெட்டுங்கள்.