மந்திரத்துக்குப் படிநிலை வைத்தால் மாயம் போய்விடுமா?

கேள்வி: நான் எழுதும் மாயக் கற்பனை நாவலில் மந்திரவாதிகளுக்கு ஒன்பது நிலைகள் வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்த நண்பர்கள், "பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஏறுவது போல இருக்கிறது" என்கிறார்கள். படிநிலைகளை எடுத்துவிடட்டுமா?

எடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மேலே போகப் போக நெருப்பு மட்டும் பெரிதாகிக்கொண்டே போனால் அது வகுப்பு ஏறுவதேதான். படி ஏறியவனுடைய கவலை மாற வேண்டும். நேற்றுவரை எதை நினைத்துத் தூங்காமல் கிடந்தானோ அது ஒன்றுமில்லாமல் போய், அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார வேண்டும்.

இதை நான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில்தான் கற்றுக்கொண்டேன். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டி விளையாடும் ஆட்டம் அது. சில ஆண்டுகளாக வீட்டுக் கூடத்தில் அந்த ஆட்டத்தை நடத்திவருகிறேன். நாங்கள் பின்பற்றுவது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள். அக்கா மகன் மந்திரவாதி, என் மகள் வாள்வீராங்கனை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்த ஆட்டத்தில் ஆளுக்கு 20 லெவல், மந்திரத்துக்கு 9 லெவல். இரண்டுக்கும் ஒரே சொல். ஐந்தாம் லெவல் மந்திரவாதி மூன்றாம் லெவல் மந்திரம்தான் போட முடியும் என்றால் புதியவர் திகைத்துப் போவார். ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸே 1978-ல் வந்த விதிநூலில் இதைப் பேசி, வேறு சொற்கள் வைக்க யோசித்ததாக எழுதியிருக்கிறார். நான் ஆளுக்கு 'லெவல்' என்றும் மந்திரத்துக்குப் 'படி' என்றும் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் நாவலிலும் சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் லெவல் மந்திரவாதியின் ஏட்டில் ஆறு மந்திரங்கள் இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் போடலாம். சற்று ஓய்வெடுத்தால் இன்னொரு முறை கிடைக்கும், அவ்வளவுதான். எங்கள் முதல் மாத ஆட்டம் ஒன்றில் ஆற்றங்கரையில் கோப்ளின் என்ற குட்டிப் பூதங்கள் நான்கு வழிமறித்தன. அக்கா மகனிடம் மிச்சம் ஒன்றே ஒன்று. "மாமா, இதை இப்போது செலவழித்துவிட்டால் ராத்திரிக்கு என்ன செய்வது?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் யோசித்தான். கடைசியில் தூக்க மந்திரத்தைப் போட்டான். எட்டு முகப் பகடை ஐந்தை உருட்டினான், கூட்டுத்தொகை 23. மொத்தம் அத்தனை ஹிட் பாயின்ட் (அடி தாங்கும் உயிர்ப் புள்ளி) வரை உள்ளவை தூங்கிவிடும். கோப்ளின் ஒன்றுக்கு அது ஏழு. மூன்று சாய்ந்தன, நான்காவது கத்தியோடு நின்றது. மீதமிருந்த இரண்டு புள்ளியை அவன் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த லெவலில் மந்திரவாதியின் கவலை ஒன்றுதான்: பொழுது விடிவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடக் கூடாது.

1974-ல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட மூல விதிகள் இதைவிடக் கடுமையானவை. முதல் லெவலில் நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். இரண்டாம் லெவலுக்குப் போக வீரனுக்கு 2,000 அனுபவப் புள்ளி போதும். மந்திரவாதிக்கு 2,500 வேண்டும். மனத்தில் ஏற்றிய மந்திரம் சொன்னவுடன் நினைவிலிருந்து அழிந்துவிடும் என்ற எண்ணம் எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து வந்தது. அப்போது மந்திரவாதிக்கு ஆறு படிகள்தான் இருந்தன. 1975-ல் வந்த துணைநூல்தான் ஒன்பதாக்கியது.

இனி ஐந்தாம் லெவலுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களுக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது. நான்காம் லெவலில் இருந்தபோது இடிந்த கோபுரம் ஒன்றில் இறந்துபோன மந்திரவாதியின் ஏடு அக்கா மகனுக்குக் கிடைத்தது. அதில் ஃபயர்பால் இருந்தது. 20 அடி ஆர வட்டத்துக்குள் நிற்பவர்கள் அத்தனை பேரையும் பொசுக்கும் நெருப்புப் பந்து. ஆனால் அது மூன்றாம் படி. தன்னால் போட முடிந்த படியில் உள்ள மந்திரத்தைத்தான் மந்திரவாதி தன் ஏட்டில் எழுதிக்கொள்ள முடியும். ஆகவே மூன்று வாரம் அந்த ஏட்டைப் பையில் சுமந்துகொண்டே திரிந்தான். ஐந்தாம் லெவலுக்கு வேண்டிய 6,500 அனுபவப் புள்ளிக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று ஒவ்வொரு வாரமும் கேட்டான். எட்டிய அன்று வேறு எதையும் தொடவில்லை. படிக்கு இரண்டு மணி நேரமும் 50 பொற்காசும் என்பது கணக்கு. மூன்றாம் படிக்கு ஆறு மணி நேரம், 150 பொற்காசு. சத்திரத்து அறையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தன் பாத்திரம் விடியும்வரை எழுதியதாகச் சொன்னான்.

படிநிலையே இல்லையென்றால் அந்த மூன்று வாரம் இருந்திருக்காது. கையில் கிடைத்தும் கைக்கு எட்டாத பொருள்: மாயம் என்று நீங்கள் தேடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு கவலை மாறியது. 59 ஹிட் பாயின்ட் கொண்ட ஓகர் என்ற பெரும் பூதத்திடம் தூக்க மந்திரம் எடுபடவில்லை. கையிருப்பைப் பற்றி அவன் அவ்வளவாகப் பேசுவதில்லை. நெருப்பு வட்டத்துக்குள் மாட்டிய நம் ஆட்கள் என்ன ஆவார்கள் என்பதே பேச்சு. ஒருமுறை என் மகளின் வாள்வீராங்கனையே உள்ளே நின்றாள். அவன் போடவில்லை.

உச்சிப் படியையும் பாருங்கள். 17-ஆம் லெவலில் ஒன்பதாம் படி திறக்கிறது. நாளுக்கு ஒரு முறை மட்டும். 20-ஆம் லெவலிலும் அதே ஒரு முறைதான். அந்தப் படியில் இருக்கும் விஷ் என்ற மந்திரத்தால் எட்டாம் படி வரையுள்ள எந்த மந்திரத்தையும் ஆபத்தில்லாமல் போடலாம். அதைத் தாண்டி மனத்தில் இருக்கும் வரத்தைக் கேட்டால், வாழ்நாளில் மறுபடி விஷ் போடவே முடியாமல் போக நூற்றுக்கு 33 வாய்ப்பு. அந்தப் படியின் கவலை, எதைக் கேட்பது என்பது. முதல் லெவல்காரனுக்கு அந்தக் கவலை புரியக்கூடப் புரியாது.

தவமும் பயிற்சியும் செய்து மனிதன் நிலை நிலையாக உயரும் சீனத்துச் சாதகக் கதைகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான். அடித்தளம், பொற்கரு என்று நிலை ஏற ஏற ஆயுள் நூற்றாண்டுக் கணக்கில் நீளும். உடன்பிறந்தவர்கள் மூப்படைந்து போவார்கள், இவன் மட்டும் இளைஞனாகவே இருப்பான். அதை விட்டுவிட்டு மலையைப் பிளந்தவன் அடுத்த நிலையில் இரண்டு மலையைப் பிளந்தான் என்று போகும் கதைகளைப் பாதியிலேயே மூடிவிடுகிறேன்.

ஆகவே உங்கள் ஒன்பது நிலைகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அந்த நிலைக்காரன் காலையில் கண் விழித்ததும் எதை நினைப்பான் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு நிலைகளுக்கு ஒரே வரி வந்தால் ஒன்றை நீக்கிவிடுங்கள். ஒன்பது ஐந்தாகக் குறைந்தாலும் வருந்த வேண்டாம்.

வரும் சனிக்கிழமை அக்கா மகன் ஒன்பதாம் லெவலைத் தொடுகிறான். ஐந்தாம் படி திறக்கும். தொலைவில் இருப்பவரைக் காட்டும் மந்திரம் கிடைக்கும். அதற்கு 1,000 பொற்காசு மதிப்புள்ள வெள்ளிக் கண்ணாடியோ அதற்கு ஈடான பொருளோ வேண்டும். என் மகளின் வாள்வீராங்கனை, ஆட்டத்தின் முதல் நாளில் காணாமல் போன தன் அண்ணனைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கண்ணாடியை இருவரும் சேர்ந்து வாங்கி வைத்துவிட்டார்கள்.